கோட்டால சிலை செதுக்குனவர்: ஹென்ட்ரிக் கோல்ட்சியஸும் செப்புத் தகடும்

நேப்பிள்ஸ் ஊர் மியூசியத்துல ஒரு பளிங்குச் சிலை இருக்கு, மூணு மீட்டருக்கு மேல உயரம், கிரேக்க புராணத்து ஹெர்குலிஸ் தன்னோட கதாயுதத்து மேல சாஞ்சுக்கிட்டு, செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சு ஓஞ்சு போய் தலைய தொங்கப் போட்டு நிக்கிறான். 1546ல ரோம்ல கரகல்லா குளியல் மாளிகை இடிபாட்டுல இருந்து இத தோண்டி எடுத்தாங்க, ஃபார்னீஸ் குடும்பம் தங்களோட மாளிகைல கொண்டு போய் வச்சாங்க, அதனால பேரு ஃபார்னீஸ் ஹெர்குலிஸ். 1591ல ஹாலந்துல இருந்து வந்த கோல்ட்சியஸ்ங்கற ஒருத்தர் அத வரைஞ்சு எடுத்துட்டுப் போய், ஊருக்குத் திரும்பினதும் ஒரு செப்புத் தகட்டுல வெட்டுனாரு. அந்தத் தகட்டுல அச்சான படம் ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கம்மியான உயரம்தான். ஆனா அதப் பாக்கும்போது அந்த மூணு மீட்டரும் அப்படியே நம்ம முன்னாடி வந்து நிக்குது, அதுவும் முதுகுப் பக்கமா. எல்லாரும் சிலைய முன்னாடி இருந்து பாப்பாங்க, இவரு பின்னாடி போய் நின்னிருக்காரு. கீழ வலது ஓரத்துல ரெண்டு ஆம்பளைங்க தலை மட்டும் சின்னதா தெரியும், அண்ணாந்து பாத்துட்டு இருப்பாங்க, அவங்களுக்குத் தெரியறது ஹெர்குலிஸோட முகம், நமக்குத் தெரியறது முதுகும் பின்னாடி மறைச்சு வச்ச கைல இருக்கற ஆப்பிளும்.

இந்தப் படத்துல சாம்பல் கலர்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இதத்தான் முதல்ல புரிஞ்சுக்கணும். கருப்பு மை, வெள்ளக் காகிதம், அவ்ளோதான். தோள்ல விழற வெளிச்சம், முதுகெலும்பு பள்ளத்துல இருக்கற இருட்டு, தொடை உருண்டு திரும்பற இடத்துல மெல்ல மெல்ல மங்கறது, எல்லாமே கருப்புக் கோடு மட்டும்தான். இது எப்படி சாத்தியம்னு புரிஞ்சுட்டா கோல்ட்சியஸ் யாருன்னும் பாதி புரிஞ்சுடும், அதனால ஆளப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல கோட்டப் பத்தி பேசிடறேன். (பேர டச்சுக்காரங்க தொண்டைல இருந்து ஹோல்ட்சியுஸ்னு சொல்லுவாங்க, நான் கோல்ட்சியஸ்னே எழுதறேன்.)

இந்த வேலைக்கு என்கிரேவிங்னு பேரு. நம்ம ஊர்ல பாத்திரக் கடைல சீர் பாத்திரத்துல பேர் வெட்டித் தருவாங்கல்ல, அடிப்படைல அதே மாதிரிதான், உலோகத்து மேல கூர்மையான கருவியால வெட்டி கோடு போடறது. ஆனா இங்க வெட்டுனதோட வேலை முடியாது, அந்த வெட்டுக்குள்ள மைய நிரப்பி காகிதத்துல எடுக்கணும். கருவிக்கு பியூரின்னு பேரு. நாலு பட்டை வச்ச மெல்லிய எஃகுக் கம்பி, அதோட முனைய சாய்வா தேச்சிருப்பாங்க, அதனால நுனி கூரா இருக்கும், பின்பக்கம் காளான் மாதிரி ஒரு மரப் பிடி. அந்தப் பிடி உள்ளங்கைக்குள்ள போய் உக்காந்துக்கும், விரல்கள் கம்பிய ஒட்டிப் படிஞ்சிருக்கும், பேனா பிடிக்கிற மாதிரி இல்ல. உள்ளங்கையால முன்னாடி தள்ளணும். தள்ளும்போது செம்பு ஒரு சுருளா கிளம்பி வரும், பின்னாடி ஏர் உழுத சால் மாதிரி ஒரு பள்ளம் விழும்.

வளைவா கோடு வேணும்னா கைய வளைக்கிறதவிட தகட்டத் திருப்பறதுதான் முக்கியம். தகடு மணல் நிரப்பின தோல் தலகாணி மேல இருக்கும், ஒரு கை பியூரின தள்ள, இன்னொரு கை தகட்ட மெல்ல சுத்திக் குடுக்கும், குயவர் சக்கரம் சுத்தற மாதிரி கருவி கிட்டத்தட்ட ஒரே இடத்துல இருக்க, தகடு அதுக்குக் கீழ திரும்பும். சுத்தமான வளைவு வர்றது இப்படித்தான். தப்பாச்சுன்னா ரப்பர் வச்சு அழிக்க முடியாது, அந்த இடத்த சுரண்டி, பின்னாடி இருந்து தட்டி மேடாக்கி, மெருகேத்தி மறுபடியும் வெட்டணும்.

வெட்டி முடிச்சதும் ஆளி விதை எண்ணெய்ல குழைச்ச கெட்டி மைய தகடு முழுக்க தேச்சு பள்ளத்துக்குள்ள இறங்க விடுவாங்க. அப்புறம் துணியால, கடைசில உள்ளங்கையால மேல இருக்கற மைய சுத்தமா துடைச்சு எடுத்துடுவாங்க, பள்ளத்துக்குள்ள இருக்கறது மட்டும் தங்கிடும். ஈரம் பண்ணின காகிதத்த மேல வச்சு, அதுக்கு மேல கம்பளித் துணி போட்டு, ரெண்டு உருளைக்கு நடுவுல அழுத்தி இழுப்பாங்க. ஈரக் காகிதம் பள்ளத்துக்குள்ள போய் மைய எடுத்துட்டு வெளிய வரும். நல்லா அச்சான பழைய பிரதிய சாய்வா வெளிச்சத்துல பாத்தா கோடு கொஞ்சம் புடைச்சுகிட்டு நிக்கறது தெரியும், சுத்தி தகட்டோட விளிம்பு அழுந்துன தடமும் இருக்கும். படம் கண்ணாடில பாக்கற மாதிரி இடம் வலமா மாறித்தான் வரும், அதனால கையெழுத்தக்கூட திருப்பித்தான் வெட்டணும். மரக்கட்டை அச்சு இதுக்கு நேர் எதிர், அங்க மேடா விட்ட இடம்தான் மை புடிக்கும். எட்சிங்குங்கறது வேற, அதுல அமிலம் செம்ப அரிக்கும், அது ரெம்ப்ராண்ட்னு பின்னாடி வந்த டச்சு ஓவியர் பக்கம் போற கதை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். பியூரின் வெட்டற பள்ளம் ஆங்கில V எழுத்து வடிவத்துல இருக்கும், மேல அகலம், அடில கூர். அதனால கைய கொஞ்சம் அழுத்துனா ஆழமும் கூடும், அகலமும் கூடும், மையும் அதிகமா நிக்கும், அச்சுல கோடு தடிச்சு வரும். அழுத்தத்த விட்டா மெலிஞ்சு மெலிஞ்சு கடைசில ஒண்ணுமில்லாம போயிடும். ஒரே கோடு, கைய எடுக்காமலே, முடி கனத்துல ஆரம்பிச்சு நடுவுல தடிச்சு மறுபடியும் முடியா முடியும். பெருத்துச் சிறுக்கிற கோடு இதுதான். இத கோல்ட்சியஸ்தான் கண்டுபிடிச்சாருன்னு சொல்லிட முடியாது, அவருக்கு முன்னாடி கொர்னேலிஸ் கோர்ட்னு ஒரு டச்சுக்காரர் இத்தாலில உக்காந்து இத நல்லா வளத்தாரு, 1578ல ரோம்ல செத்துப்போனாரு. ஆனா கோல்ட்சியஸ் இத கொண்டு போய் நிறுத்துன இடத்துக்கு அதுக்கு முன்னாடி யாரும் போகலங்கறதுதான் என் அபிப்பிராயம்.

நீங்களே ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாருங்க. ஒரு தேங்காய் அளவு வட்டம் போட்டு, அதுக்குள்ள மேல இருந்து கீழ வரைக்கும் வளைவு வளைவா கோடு போடுங்க, பூமி உருண்டைல தீர்க்க ரேகை போடற மாதிரி. எல்லாக் கோடும் ஒரே தடிமனா இருந்தா அது வெறும் கூண்டு மாதிரி இருக்கும். இப்ப இடது பக்கம் வெளிச்சம்னு நெனச்சுகிட்டு வலது பக்கக் கோடுகள் ஒவ்வொண்ணையும் நடுவுல தடிப்பாக்கி முனைல மெலிசா விடுங்க. காகிதத்துல இருந்து அது உருண்டையா கிளம்பும். அங்க நீங்க நிழல் பூசல, உருவத்தோட வளைவ கோடு தடவிட்டுப் போகுது, போற வழில இருட்டையும் சேத்து சொல்லிடுது. ஒரே கோட்டுக்கு ரெண்டு வேலை. கோல்ட்சியஸ் இந்தக் கோடுகளுக்குக் குறுக்க இன்னொரு வரிசை போடுவாரு, கட்டம் கட்டமா வைரக்கல் வடிவத்துல இடைவெளி விழும், ரொம்ப நுணுக்கமான இடத்துல அந்த இடைவெளிக்குள்ள ஒவ்வொரு புள்ளி வைப்பாரு, அந்தப் புள்ளி இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல ஒரு மென்மையக் குடுக்கும். சில இடத்துல கொசுவலைய ரெண்டா மடிச்சுப் பிடிச்சா அலை அலையா ஒண்ணு தெரியுமே, அதே மினுமினுப்பு அவரோட குறுக்குக் கோட்டுலயும் வரும், தோலுக்கு அடில தசை அசையற மாதிரி இருக்கும்.

இப்ப ஆள். 1558ல பிறந்தாரு, வென்லோ பக்கத்துல ப்ராக்ட்னு ஒரு ஊர், இன்னிக்கு அது ஜெர்மனில இருக்கு. அப்பா கண்ணாடில ஓவியம் தீட்டறவர். குழந்தையா இருக்கும்போதே நெருப்புல விழுந்து கை ரெண்டும் வெந்துபோச்சு. அம்மா கட்டையெல்லாம் வச்சு கட்டி வைத்தியம் பண்ணிட்டு இருந்தாங்களாம், பக்கத்துல இருந்த ஒரு பொம்பளை நான் சரி பண்றேன்னு வந்து கட்டைய எடுத்துட்டு வலது கைய துணியால சுத்தி விட்டுட்டாங்களாம், நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் வாழ்நாள் முழுக்க அந்தக் கைய முழுசா விரிக்க முடியல. இத எழுதி வச்சது அவரோட நண்பர் காரெல் வான் மாண்டர், ஓவியர்கள் வாழ்க்கைய தொகுத்து 1604ல ஒரு பெரிய புத்தகம் போட்டவர், கோல்ட்சியஸப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி அங்க இருந்துதான் வருது.

ஹார்லெம் நகரத்துல டெய்லர்ஸ் மியூசியம்னு ஒண்ணு இருக்கு, அங்க 1588ல கோல்ட்சியஸ் பேனாவால வரைஞ்ச ஒரு வலது கை இருக்கு. அவரோட அந்தக் கைதான்னு சொல்றாங்க. விரல்கள் உள்பக்கமா மடங்கி, கணுக்கள் புடைச்சு, நரம்பு ஓடி, அத அவரு மறைக்கவே இல்ல, நட்ட நடுவுல வேற எதுவுமே இல்லாம அத மட்டும் வரைஞ்சு கீழ பேரும் வருஷமும் போட்டிருக்காரு. இன்னொரு விஷயம், அது பேனா ஓவியம், ஆனா கோடெல்லாம் பியூரின்ல வெட்டுன கோடு மாதிரியே பெருத்துச் சிறுக்குது, தகட்டுல அச்சானதுன்னு சத்தியம் பண்ணலாம் போல இருக்கு. முன்னாடி சொன்னேனே, பியூரின் பிடி உள்ளங்கைக்குள்ள அடங்கும்னு, விரல விரிக்க வேண்டிய அவசியம் இல்ல, தள்ளற பலம் கையில இருந்தும் தோள்ல இருந்தும் வரணும். மடங்கிப்போன அந்தக் கை இந்தக் கருவிக்குத் தோதா அமைஞ்சிருச்சுன்னு கலை வரலாறு எழுதறவங்க நிறைய பேர் சொல்லிருக்காங்க, அந்தப் படத்த ஒரு நிமிஷம் பாத்துட்டு இருந்தா எனக்கும் அதுதான் தோணுது.

தொழில் கத்துக் குடுத்தவர் டிர்க் கோர்ன்ஹெர்ட், சிந்தனையாளர், மத விஷயத்துல யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னு எழுதுனவர், கூடவே என்கிரேவரும். ஹாலந்துல ஸ்பெயின் ராஜாவ எதிர்த்து கலகம் நடந்துட்டு இருந்த காலம், கோர்ன்ஹெர்ட் ஊர விட்டு வெளியேறி ஜெர்மன் பக்கம் க்ஸான்டன்ல இருந்தப்போதான் பையன் அவர்ட்ட போய் சேந்தாரு. 1577ல குரு ஹார்லெமுக்குத் திரும்ப, இவரும் பின்னாடியே வந்துட்டாரு. அந்த ஊரு அப்பதான் ஸ்பெயின் படையோட முற்றுகை, அதுக்கப்புறம் 1576ல ஒரு பெரிய தீ விபத்துன்னு ரெண்டு அடி வாங்கி எழுந்துட்டு இருந்துச்சு. 1579ல மார்கரெட்டான்னு ஒரு விதவைய கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அவங்க வயசுல மூத்தவங்க, கூட ஒரு பையன், பேரு யாக்கோப் மாதம். அந்தப் பையனுக்கும் தொழில் கத்துக் குடுத்தாரு, பிற்காலத்துல அவரும் பேர் சொல்ற என்கிரேவர் ஆனாரு.

இங்க தொழில் எப்படி நடந்துச்சுன்னு சொல்லியாகணும். பழைய அச்சுப் படங்களோட அடில லத்தீன்ல சின்னச் சின்ன வார்த்தைங்க இருக்கும், தெரிஞ்சு வச்சுக்கிட்டா எந்த மியூசியத்துக்குப் போனாலும் உதவும். இன்வெனிட்னு இருந்தா படத்த யோசிச்சு வரைஞ்சவர். எக்ஸ்குடிட்னு இருந்தா வெளியிட்டவர். ஸ்கல்ப்ஸிட்னு இருந்தா தகட்டுல வெட்டுனவர், அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் செதுக்கினார்னு. சிற்பிக்கு என்ன வார்த்தையோ அதே வேர்தான், கல்லச் செதுக்குறவரும் செம்பச் செதுக்குறவரும் லத்தீன்ல ஒரே வினைச்சொல்ல பங்கு போட்டுக்கிட்டாங்க. கோல்ட்சியஸ் விஷயத்துல இந்த வார்த்தை ரொம்பப் பொருத்தமா இருக்குன்னு எனக்குத் தோணும். அந்தக் காலத்துல அச்சுப் படத் தொழில் ஆன்ட்வெர்ப் நகரத்து வியாபாரிங்க கைல இருந்துச்சு, இவரும் ஆரம்பத்துல ஃபிலிப்ஸ் ஹாலேங்கற பதிப்பாளருக்கு வேலை பண்ணிட்டுதான் இருந்தாரு, ஆனா 1582ல ஹார்லெம்ல சொந்தமா வெளியீட்ட ஆரம்பிச்சுட்டாரு. யோசிக்கிறது, வெட்டறது, வெளியிடறது மூணும் ஒரே வீட்டுக்குள்ள வந்துச்சு. பேர் பரவினதும் மத்தவங்க காப்பியடிக்காம இருக்க 1595ல ப்ராக்ல இருந்து ஆண்ட பேரரசர் ரெண்டாம் ருடால்ஃப் கிட்ட உரிமைப் பத்திரமும் வாங்கிட்டாரு, நம்ம காப்பிரைட் மாதிரி.

1583 வாக்குல வான் மாண்டர் ஹார்லெமுக்கு வந்து சேந்தாரு, வரும்போது ஸ்ப்ராங்கர்னு ஒரு ஓவியரோட வரைபடங்களையும் கொண்டு வந்து காட்டுனாரு. ஸ்ப்ராங்கர் அப்ப ப்ராக்ல அரசவை ஓவியரா இருந்தவர், முறுக்கி வளைஞ்ச நீளமான உடம்புங்க, நாட்டியம் ஆடற மாதிரி கை கால். கோல்ட்சியஸுக்கு அது தலைக்கேறிடுச்சு. 1588ல நாலு பேர் கீழ விழற நாலு வட்டப் படம் வெட்டுனாரு, டான்டலஸ், இகாரஸ், ஃபேதான், இக்ஸியான், புராணத்துல ஆசை மீறிப்போய் தண்டனை வாங்குனவங்க, மூலம் வரைஞ்சது ஹார்லெம் ஓவியர் கொர்னேலிஸ் (முன்னாடி சொன்ன கோர்ட் இல்ல, வேற ஆள்). வட்டத்துக்குள்ள ஒரு உடம்பு தலைகீழா நம்ம மேல வந்து விழற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் 1589ல பெரிய ஹெர்குலிஸ். அதுல தசை மேல தசை, மூட்டை மூட்டையா. பிற்காலத்துல டச்சுக்காரங்க அதுக்கு க்னோலன்மான்னு பேர் வச்சுட்டாங்க, கிழங்கு மனுஷன்னு அர்த்தம். பாக்கும்போது அழகா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஒவ்வொரு கிழங்கையும் கோடு எப்படி ஏறி இறங்கி சுத்திட்டு வருதுன்னு கவனிச்சா, உடம்ப கோட்டால எவ்ளோ தூரம் புடைக்க வைக்கலாம்னு அவரு சோதிச்சுப் பாத்துருக்காருன்னு புரியும்.

இதுக்கு நடுவுல உடம்பு சரியில்லாம போச்சு, இருமி ரத்தம் துப்பறது, வருஷக் கணக்கா இழுத்துச்சு. சாகறதுக்குள்ள இத்தாலிய பாத்துடணும்னு 1590 அக்டோபர் கடைசில கிளம்பிட்டாரு. போற வழில தான் யாருன்னே சொல்லல, வேலைக்காரன எசமான் மாதிரி நடிக்க விட்டு, தன்னோட படங்களப் பத்தி மத்த கலைஞர்கள் பேசறத, நல்லதும் கெட்டதும், ஓரமா நின்னு கேட்டுட்டே போயிருக்காரு. ரோம்லயும் வேற பேர்தான். அந்த வருஷம் ரோம்ல கடும் பஞ்சம், தெருவுல ஜனங்க செத்து விழுந்துட்டு இருந்தாங்க, நாத்தத்துக்கு நடுவுல உக்காந்து பழைய சிலைகள வரைஞ்சாருன்னு வான் மாண்டர் எழுதறாரு. அந்த வரைபடங்கள் கைமாறி கைமாறி, ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா கைக்குப் போய், பின்னாடி ஓடெஸ்கால்கி குடும்பத்துக்குப் போய், 1790ல டெய்லர்ஸ் மியூசியம் வாங்கி, மறுபடி ஹார்லெமுக்கே வந்துடுச்சு.

சிலைய வரைஞ்ச பிறகு அவரோட கோடு மாறுச்சு. கிழங்கு மனுஷனையும் ஃபார்னீஸ் ஹெர்குலிஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் அதே ஹெர்குலிஸ், ரெண்டுக்கும் நடுவுல சில வருஷம்தான். முதல்ல தசைகள் ஒவ்வொண்ணும் தனித்தனியா கத்துது, ரெண்டாவதுல முதுகு ஒரே மொத்தமா மூச்சு விடுது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன்னோட இணையதளத்துல அவரோட படங்கள பெரிய அளவுல இலவசமா போட்டு வச்சிருக்கு, போய் அந்த முதுக பெருசாக்கிப் பாருங்க. தோள்பட்டைல மேல இருந்து சுத்திட்டு வர்ற கோடு பள்ளத்துல இறங்கும்போது தடிக்குது, மேட்டுல ஏறும்போது மெலியுது, வெளிச்சம் படற இடத்துல அப்படியே அந்தரத்துல நின்னுடுது, மிச்சத்த வெள்ளக் காகிதமே சொல்லுது. முழுசா தள்ளி நின்னு பாத்தா பளிங்கு. கிட்டப் போனா வெறும் கோடு. நான் மாத்தி மாத்தி பெருசும் சிறுசுமா பண்ணி ஒரு மணி நேரம் அதுலயே இருந்திருக்கேன்.

சிலைய அச்சுக்குக் கொண்டு வர்றது அவரோட சீடர்கள் வட்டத்துலயும் தொடர்ந்துச்சு. யான் முல்லர்னு ஒருத்தர், அவரு ஆட்ரியன் டி ஃப்ரீஸோட வெண்கலச் சிலைய, ரோமானிய தெய்வம் மெர்குரி சைக்கிங்கற பொண்ணத் தூக்கிட்டுப் பறக்கிறது, அத மூணு பக்கத்துல இருந்து மூணு தனித்தனி படமா வெட்டுனாரு. டி ஃப்ரீஸ் ஹேக் நகரத்துல பிறந்து ப்ராக்ல பேரரசருக்கு சிலை செஞ்சவர், அந்த வெண்கலம் இப்ப பாரிஸ்ல லூவ்ர்ல இருக்கு. போட்டோ இல்லாத காலம், ப்ராக்ல இருக்கற சிலை எப்படி இருக்கும்னு ஆம்ஸ்டர்டாம்ல இருக்கறவனுக்கு தெரியணும்னா இந்த மாதிரி காகிதம் வந்தாத்தான் உண்டு. சிலைய சுத்தி நடந்து பாக்கற அனுபவத்த மூணு காகிதத்துல குடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை.

இத்தாலில இருந்து வந்த பிறகு 1593, 1594ல மாதா வாழ்க்கைய ஆறு படமா வெட்டுனாரு, ஒவ்வொண்ணும் வேற வேற பெரிய கலைஞர் பாணில. அதுல ஒண்ணு அப்படியே பழைய ஜெர்மன் கலைஞர் ட்யூரர் பாணி, குழந்தை இயேசுவுக்கு விருத்தசேதனம் பண்ற காட்சி, கூட்டத்துல பின்னாடி தன் முகத்தையும் வச்சிருந்தாரு. வான் மாண்டர் சொல்ற கதை என்னன்னா, ஒரு பிரதில தன் முகத்தையும் கையெழுத்தையும் சூடு வச்சு எரிச்சு எடுத்துட்டு, காகிதத்த புகைல காட்டி கசக்கி பழசாக்கி உலவ விட்டிருக்காரு. அது ட்யூரரோட இதுவரைக்கும் பாக்காத படம்னு நம்பி ரசிகர்கள் நல்ல விலை குடுத்தாங்களாம், கோல்ட்சியஸால எல்லாம் இப்படி வெட்ட முடியாதுன்னு சொன்னவங்க உள்பட. இந்த ஆறு படத்தையும் பவேரியா கோமகனுக்கு சமர்ப்பணம் பண்ணாரு, அவரு தங்கச் சங்கிலி பரிசா அனுப்புனாரு. காப்பியடிக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, ட்யூரரோட எந்தப் படத்தையும் அவரு அப்படியே பிரதி எடுக்கல, ட்யூரர் கை எப்படி யோசிக்கும்னு பிடிச்சுக்கிட்டு புதுசா ஒண்ணு பண்ணாரு.

1600 வாக்குல பியூரின கீழ வச்சுட்டு எண்ணெய் ஓவியத்துக்குப் போயிட்டாரு, அப்ப வயசு நாப்பத்திரெண்டு. ஓவியங்கள் நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அதுல அந்தக் கோடு இல்லாத குறை தெரியும். அச்சுத் தொழில மாதம் பாத்துக்கிட்டாரு. 1617 ஜனவரி 1ம் தேதி ஹார்லெம்ல இறந்தாரு, ஊர் நடுவுல இருக்கற செயின்ட் பாவோ சர்ச்சுல அடக்கம் பண்ணாங்க.

ஃபார்னீஸ் ஹெர்குலிஸ் தகடு, 1592 வாக்குல வெட்டுனது, கூடவே ரோம்ல இருக்கற பெல்வெடேர் அப்பல்லோங்கற பழைய சிலையும் இன்னொரு ஹெர்குலிஸும், இந்த மூணு சிலைப் படமும் விற்பனைக்கு வந்தது அந்த 1617லதான், ஹெர்மன் அடால்ஃப்ஸ்ங்கற ஹார்லெம் பதிப்பாளர் வெளியிட்டாரு. படத்து அடில அவரோட பேரு எக்ஸ்குடிட்னு இருக்கும், கோல்ட்சியஸ் பேருக்குப் பக்கத்துல ஸ்கல்ப்ஸிட்டோட சுருக்கம். அந்த ரெண்டு தலையும் கீழ ஓரத்துல இன்னும் அண்ணாந்து பாத்துட்டுதான் இருக்கு.